இளைத்த பிறகு

லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் மூன்றாம் எண் கடை 1698இல் திறக்கப்பட்டது. இன்றைக்கு அது பெயர்பெற்ற ஒயின் கடை. தொடக்கத்தில் காபி, மளிகை வியாபாரம். காபி மூட்டைகளை நிறுக்க ஒரு பெரிய தராசு வைத்திருந்தார்கள். 1765லிருந்து அந்தத் தராசில் வாடிக்கையாளர்களும் ஏறி உட்கார ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு எடை மெஷின் ஏது? வந்தவரின் பெயர், தேதி, எடை எல்லாவற்றையும் கடைக்காரர்கள் பேரேட்டில் குறித்து வைத்தார்கள். அந்தப் பேரேடுகள் இன்னும் இருக்கின்றன.

அதில் இருக்கிற ஒரு பெயர் பைரன். ஆமாம், கவிஞர் பைரன்தான். 1806இல் அவர் எடை 88 கிலோ. அடுத்த ஐந்து வருஷத்தில் 25 கிலோவுக்கு மேல் இறக்கிவிட்டார். எப்படி என்று அவரே நண்பர்களுக்கு எழுதியிருக்கிறார். ஏழு வெயிஸ்ட்கோட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு, அதன் மேல் ஒரு பெரிய கோட்டையும் மாட்டிக்கொண்டு, வேர்த்து ஒழுக ஓடுவது, கிரிக்கெட் ஆடுவது. சாப்பாடு பெயருக்குத்தான். பிஸ்கட், சோடா தண்ணீர், வினிகரில் ஊறிய உருளைக்கிழங்கு. இளைத்தார், அழகானார், புகழ்பெற்றார். பிறகு வெனிஸுக்குப் போன இடத்தில் மறுபடியும் ஊதிவிட்டார். 1818இல் அங்கே அவரைப் பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். மறுபடியும் பட்டினி, மறுபடியும் இளைப்பு. 1824இல் கிரேக்கத்தில் சாகும்போது வயது 36.

பைரனின் டயட்டைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. 'இளைத்தார்' என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த நாள் காலையில் அவர் என்ன சாப்பிட்டார், அதற்கு அடுத்த வருஷம் என்ன ஆனது என்பதில் யாருக்கும் ஆர்வம் இல்லை. உடல் எடையின் வரலாறு முழுக்கவே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. குறைப்பதைப் பற்றி ஆயிரம் புத்தகம் உண்டு. குறைத்ததை இருபது வருஷம் காப்பாற்றியவர்களைப் பற்றித் தேடினால் தகவல் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அப்படிக் கிடைத்த சில துண்டுகள்தான் இந்தக் கட்டுரை.

*

பைரன் செத்து நாற்பது வருஷம் கழித்து, அதே செயின்ட் ஜேம்ஸ் தெருக்காரர் ஒருவரின் எடை லண்டன் முழுக்கப் பேச்சாகியது. பெயர் வில்லியம் பான்டிங். தொழில்? சாவு வீட்டு வேலை. சவப்பெட்டி, இறுதி ஊர்வலம், துக்க அலங்காரம் என்று எல்லாவற்றையும் எடுத்துச் செய்யும் குடும்பம். சாதாரணச் சாவுகள் மட்டுமில்லை, அரச குடும்பத்துச் சாவுகளும்தான். மூன்றாம் ஜார்ஜ் மன்னர், வெலிங்டன் பிரபு, விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் ஆகியோரின் கடைசிப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது பான்டிங் குடும்பத்தின் நிறுவனம்.

1862 ஆகஸ்டில் பான்டிங்குக்கு வயது 65. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எடை 202 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 92 கிலோ. இன்றைய கணக்கில் இது பெரிய எண் இல்லை என்று தோன்றலாம். அவருக்கோ குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. மாடிப்படியில் முன்பக்கமாக இறங்கினால் காலின் மூட்டுகள் தாங்காது என்று, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்குவார். தெருவில் போகிறவர்கள் கேலி செய்வார்கள் என்பதால் கூட்டம் கூடுகிற இடங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்.

மனுஷன் சும்மா இருக்கவில்லை. பல வருஷமாக, சொன்னதையெல்லாம் செய்தவர். உடற்பயிற்சி வேண்டும் என்றார் ஒரு டாக்டர் நண்பர். தினமும் அதிகாலையில் தேம்ஸ் நதியில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். உடம்பில் வலு ஏறியது, கூடவே பசியும் ஏறியது. பசித்ததால் சாப்பிட்டார், சாப்பிட்டதால் எடை கூடியது. நண்பரே படகை விடச் சொல்லிவிட்டார். குதிரைச் சவாரி, கடற்காற்று, ஊற்றுநீர் ஊர்கள், துருக்கிக் குளியல், மருந்து, பட்டினி என்று எதையும் விடவில்லை. ஒன்றுக்கும் எடை நிரந்தரமாக இறங்கவில்லை.

கடைசியில் காது கேட்கவில்லை என்று போன இடத்தில்தான் வழி கிடைத்தது. காது டாக்டரின் பெயர் வில்லியம் ஹார்வி. (ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த ஹார்வி வேறு ஆள், இவருக்கு இரண்டு நூற்றாண்டு முந்தியவர்.) பாரிஸில் கிளாட் பெர்னார்ட் நீரிழிவைப் பற்றியும் கல்லீரல் சர்க்கரை உண்டாக்குவதைப் பற்றியும் பேசியதை ஹார்வி கேட்டிருந்தார். காதடைப்புக்கே இந்தக் கொழுப்புதான் காரணம் என்று முடிவுகட்டி, ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாம் கூடாது. நாலு வேளையில் மூன்று வேளை இறைச்சியோ மீனோ உண்டு. காய்கறி, கொஞ்சம் பழம், காய்ந்த டோஸ்ட் ஒரு துண்டு, பாலில்லாத டீ. மத்தியானத்தில் இரண்டு மூன்று கிளாஸ் ஒயின். தூங்கப் போகும் முன் வேண்டுமானால் சர்க்கரை சேர்க்காத ஜின்னோ பிராந்தியோ. நம் ஊரில் பேலியோ டயட் இருந்து பார்த்தவர்களுக்கு, மதுவைத் தவிர்த்து இந்தப் பட்டியல் எங்கோ பார்த்ததாகவே இருக்கும். மாவுச்சத்தை வெட்டும் எல்லா டயட்டுக்கும் பாட்டன் இதுதான்.

ஒரு வருஷம் சொச்சத்தில் 46 பவுண்டு போனது. இடுப்புச் சுற்றளவில் 12 அங்குலம் குறைந்தது. படியில் முன்பக்கமாக இறங்கினார். 1863இல், தன்னைப் போல் அவதிப்படுகிறவர்களுக்காகத் தன் கதையை ஒரு சிறு புத்தகமாகத் தன் செலவிலேயே அச்சிட்டு, முதல் பதிப்புகளை இலவசமாகக் கொடுத்தார். அது தீயாகப் பரவியது. அவர் பெயரே வினைச்சொல் ஆனது. ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் டயட் இருப்பதற்கு 'பான்டா' என்றுதான் சொல்கிறார்கள். ஸ்வீடனில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அது ஒரு சவப்பெட்டி வியாபாரியின் பெயர் என்று.

எல்லோரும் சொல்கிற கதை இதோடு முடிகிறது. ஆனால் 1863க்குப் பிறகு பான்டிங் பதினைந்து வருஷம் வாழ்ந்தார். 1869இல் நான்காம் பதிப்பு வந்தபோதும் எடை திரும்பவில்லை என்றுதான் எழுதினார். 1878இல், 81 வயதில் இறந்தார். அந்த வருஷங்களில் என்ன செய்தார்?

புத்தகத்தின் பதிப்புகளைப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடுகிறது. முதலாவது, எடையைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். சாவுத் தொழிலில் கணக்கு எழுதிப் பழகிய கை. இரண்டாவது, தன் உடம்பைத் தானே சோதித்தார். விலக்கிய பொருளில் ஒன்றை, உதாரணமாகச் சர்க்கரையை, ஒரு வாரம் கொஞ்சம் சேர்த்துப் பார்ப்பார். எடை ஏறும். நிறுத்துவார், இறங்கும். இதில் குற்றவுணர்ச்சி எதுவும் தெரியவில்லை. 'ஐயோ தின்றுவிட்டேனே' என்ற புலம்பலும் இல்லை. ஒரு கடைக்காரர் சரக்கு இருப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். மூன்றாவது என் ஊகம்தான். நாடெங்கும் இருந்து அவருக்குக் கடிதங்கள் குவிந்தன, பத்திரிகைகள் கிண்டல் செய்தன, மருத்துவர்கள் சண்டைக்கு வந்தார்கள். இவ்வளவு பேருக்கு நடுவே அவர் மறுபடி குண்டாகியிருந்தால் லண்டனே சிரித்திருக்கும். எடையைக் காப்பது அவருடைய பொது அடையாளமாகவே ஆகிவிட்டது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மூன்று வேளை ஆட்டிறைச்சியும் மீனும் வாங்க அவரிடம் காசு இருந்தது. அதே வருஷம் அதே லண்டனில், ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று மூட்டை தூக்கியவனுக்கு இந்தப் புத்தகம் எந்த விதத்திலும் உதவியிருக்காது.

*

பான்டிங்கைப் போல் எல்லோராலும் ஏன் முடியவில்லை? இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை மருத்துவத்திடம் இருந்த பதில் ஒரே வார்த்தை. மன உறுதி. குண்டானவனுக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பதிலை ஆட்டிவைத்த சோதனை, எடைக்குறைப்புக்காக நடந்ததே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா பட்டினியில் கிடந்தது. அவர்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ள, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். கொலை செய்ய மாட்டோம் என்று ராணுவத்தில் சேர மறுத்த 36 இளைஞர்கள் இதற்கு முன்வந்தார்கள். கால்பந்து மைதானத்துக்கு அடியில் தங்கல். ஆறு மாதம், நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி, வாரத்துக்கு 22 மைல் நடை. எடையில் கால்வாசி போனது.

கொள்கைக்காகச் சிறைக்குப் போகவும் தயாராக இருந்தவர்கள் இவர்கள். மன உறுதிக்குப் பஞ்சமில்லை. அவர்கள் என்ன ஆனார்கள்? தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகம் சேகரித்தார்கள். கோடையிலும் குளிர்ந்தது. இதயம் மெதுவாகத் துடித்தது. உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. சோதனை முடிந்து இஷ்டத்துக்குச் சாப்பிட விட்டபோது வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. இழந்த கொழுப்பு திரும்பியது, பழைய அளவையும் தாண்டியது. இவர்கள் யாரும் முதலில் குண்டாக இருந்தவர்கள் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் இளைத்த உடம்பு சும்மா இருப்பதில்லை, எதிர்த்துப் போராடுகிறது என்பது பதிவானது. கீஸ் இதை 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். எடைக்குறைப்பு டாக்டர்கள் அதைப் படித்து உறைக்க இன்னும் வெகுநாள் பிடித்தது.

நடுவில் வந்தது ஒரு பிரபலமான எண். 1959இல் ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் என்ற மனநல மருத்துவர், நியூயார்க் மருத்துவமனையின் சத்துணவுப் பிரிவுக்கு வந்த 100 பேரைப் பின்தொடர்ந்தார். 20 பவுண்டுக்கு மேல் குறைத்தவர்கள் 12 பேர்தான். இரண்டு வருஷம் கழித்து அதைக் காப்பாற்றியவர்கள் இரண்டே பேர். '95 சதவீதம் பேருக்குத் திரும்பி வந்துவிடும்' என்று இன்றுவரை சொல்லப்படுவதன் வேர் பெரும்பாலும் இங்கேதான். அந்த நூறு பேருக்கும் கையில் ஒரு டயட் தாளைக் கொடுத்து அனுப்பினார்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை என்று பல வருஷம் கழித்து ஸ்டன்கார்டே சொன்னார். அது யார் காதிலும் விழவில்லை. எண் மட்டும் நின்றுவிட்டது.

*

1961இல் அதே நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில் ஜீன் நிடெட்ச் என்ற பெண் இருந்தார். வயது 37, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், எடை 214 பவுண்டு. சூப்பர் மார்க்கெட்டில் எதிரே வந்த ஒரு பெண், நல்ல எண்ணத்தோடுதான், குழந்தை எப்போது பிறக்கப்போகிறது என்று கேட்டுவிட்டார். நிடெட்ச் கர்ப்பமாக இல்லை.

நகர சுகாதாரத் துறை நடத்திய பருமன் கிளினிக்குக்குப் போனார். அங்கே டாக்டர் நார்மன் ஜாலிஃப் வகுத்த டயட் தாள் ஒன்று இருந்தது. நல்ல டயட்தான். எடை இறங்கவும் செய்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. காரணம் நிடெட்சுக்குத் தெரியும். குளியலறையில் அழுக்குத்துணிக் கூடைக்குள் சாக்லேட் பூசிய பிஸ்கட் பெட்டிகளை ஒளித்து வைத்திருந்தார். ராத்திரியில் எல்லோரும் தூங்கிய பிறகு அங்கே போய்த் தின்பார். வாராவாரம் கிளினிக்கில் அதிகாரி கேட்கும்போது, ஒன்றும் தின்னவில்லையே என்பார்.

இந்த இடத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவரிடம் டயட் இருந்தது, அரசாங்கக் கிளினிக் இருந்தது, கண்காணிப்பும் இருந்தது. உண்மையைச் சொல்லக்கூடிய ஆள் மட்டும் இல்லை. அந்த செப்டம்பரில் குண்டான ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து, பிஸ்கட் விஷயத்தைப் போட்டு உடைத்தார். சிரிப்பார்கள் என்று நினைத்தவருக்கு ஆச்சரியம். ஒவ்வொருத்தியிடமும் ஒரு ஒளிவிடம் இருந்தது. அடுத்த வாரமும் கூடினார்கள். இரண்டு மாதத்தில் நாற்பது பேர் ஆனார்கள். 1962 அக்டோபரில் நிடெட்ச் 142 பவுண்டுக்கு இறங்கினார். 1963 மே மாதம், லிட்டில் நெக் என்ற இடத்தில் ஒரு சினிமா தியேட்டருக்கு மேல் மாடியில் முதல் பொதுக்கூட்டம். 'வெயிட் வாட்சர்ஸ்' நிறுவனம் அப்படிப் பிறந்தது. 1978இல் ஹைன்ஸ் கம்பெனி அதை வாங்கியது.

அதன் வியாபாரத்தைப் பற்றி விமர்சனம் உண்டு. இளைத்தவர்கள் மறுபடி பருத்துத் திரும்பி வந்தால்தானே வருமானம் என்று கேட்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களுடைய ஒரு பழைய விதி எனக்குப் பிடிக்கும். இலக்கு எடையை அடைந்து அதைக் காப்பாற்றுகிறவர் ஆயுள் உறுப்பினர். மாதம் ஒருமுறை வந்து தராசில் ஏறி, இலக்கிலிருந்து இரண்டு பவுண்டுக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அதாவது, இளைத்து முடித்தவளுக்கும் கூட்டத்தில் ஒரு நாற்காலி உண்டு. வேறு எங்கே அப்படி? டயட் தாள் கொடுத்த டாக்டர் 'சரி, போய் வாங்க' என்பார். ஜிம்மில் முன் பின் போட்டோ எடுத்து மாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நிடெட்ச் 2015இல், 91 வயதில் இறந்தார். குறைத்த எடை அவரிடம் திரும்பி வரவேயில்லை.

*

1994இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகம் லெப்டினைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் ஹார்மோன் அது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும், மூளை அதைப் பஞ்சம் என்று படித்துக்கொண்டு பசியைக் கிளப்பும். மினசோட்டா இளைஞர்கள் தட்டை நக்கியதற்கு ஒரு வேதியியல் காரணம் கிடைத்துவிட்டது.

அதே வருஷம் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எதிர்த் திசையிலிருந்து கேட்டார்கள். தோற்றவர்களையே எத்தனை நாள் எண்ணுவது? ஜெயித்தவர்கள் எங்கே? குறைந்தது 30 பவுண்டு குறைத்து, ஒரு வருஷமாவது காப்பாற்றியவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஒரு தேசியப் பதிவேட்டை அமெரிக்காவில் திறந்தார்கள். 1997இல் வந்த முதல் ஆய்வில் 784 பேர். சராசரியாக 30 கிலோ குறைத்து ஐந்து வருஷம் காத்தவர்கள். பின்னாளில் பத்தாயிரத்தைத் தாண்டியது.

எப்படிக் குறைத்தீர்கள் என்றால் ஆளுக்கொரு பதில் வந்தது. தானாகக் குறைத்தவர், குழுவில் சேர்ந்தவர், மருத்துவ உதவி பெற்றவர் என்று எல்லா வகையும் இருந்தது. எப்படிக் காக்கிறீர்கள் என்ற கேள்விக்குத்தான் பதில்கள் ஒன்றுபோல ஆகின. பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள், பெரும்பாலும் வெறும் நடை. முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். 78 சதவீதம் பேர் காலைச் சாப்பாட்டைத் தினமும் விடுவதில்லை. விடுமுறை, வேலைநாள் என்று பாராமல் ஏறக்குறைய ஒரே மாதிரி சாப்பிடுகிறார்கள். டிவி பார்ப்பது குறைவு. கேட்கச் சப்பென்றுதான் இருக்கிறது. இதை வைத்து யாரும் ரீல்ஸ் போட முடியாது.

மனநிலை சார்ந்த விஷயம் ஒன்று எனக்குச் சுவாரசியம். இரண்டு மூன்று கிலோ ஏறியதுமே திருத்திக்கொள்கிறவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். ஏறிய எடை அவர்களுக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது தீர்ப்பு. தராசைப் பரணில் போட்டுவிடுகிறார்கள், பழைய பேண்ட் ஏறாதபோதுதான் மறுபடி யோசிக்கிறார்கள். பான்டிங்கின் சர்க்கரைச் சோதனை நினைவுக்கு வருகிறதா?

இந்தப் பதிவேட்டை அப்படியே வேதமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. இதில் இருப்பவர்கள் தாங்களாக வந்து பெயர் கொடுத்தவர்கள். பெரும்பாலும் வெள்ளையர், பெண்கள், நடுத்தர வயது. இதே பழக்கங்களை வைத்துக்கொண்டும் எடை திரும்பியவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். தினம் ஒரு மணி நேரம் நடக்க நேரமும், நடக்க ஒரு தெருவும் வேண்டும். இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கிறவளிடம் போய், அவர்கள் நடக்கிறார்களே நீ ஏன் நடக்கவில்லை என்று கேட்பது அயோக்கியத்தனம்.

2016இல் கெவின் ஹால் குழு, 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்க டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தது. மேடையில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள். அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. அதைவிடக் கொடுமை, அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே எரித்தது, ஆறு வருஷத்துக்குப் பிறகும். கண்ணீரும் கைத்தட்டலுமாகப் பார்த்த கோடிக்கணக்கானோருக்கு இது காட்டப்படவில்லை. அவர்களில் ஓரளவு காப்பாற்றியவர்கள், போட்டி முடிந்த பின்னும் உடல் உழைப்பை வெகுவாகக் கூட்டி வைத்திருந்தவர்கள் என்று அடுத்த வருஷம் தெரிந்தது.

இப்போது ஊசி வந்துவிட்டது. செமாக்ளூட்டைட் போட்டுக் குறைத்தவர்கள் ஊசியை நிறுத்திய ஒரே வருஷத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக 2022இல் ஆய்வு வந்தது. மருந்து பொய் என்பதற்கு இது சாட்சி என்று சிலர் குதித்தார்கள். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதை யாரும் மாத்திரையின் தோல்வி என்றோ, நோயாளியின் சோம்பல் என்றோ சொல்வதில்லை.

பதிவேட்டுக்காரர்களைப் பத்து வருஷம் பின்தொடர்ந்த கணக்கு 2014இல் வெளியானது. 2,886 பேர். சேரும்போது சராசரியாக 31 கிலோ குறைத்திருந்தார்கள். ஐந்தாம் வருஷம் அது 24 கிலோவாக இருந்தது, பத்தாம் வருஷம் 23. நழுவியதில் பெரும்பகுதி முதல் ஐந்து வருஷத்தில் நழுவியிருக்கிறது. அதற்குப் பிறகு கோடு ஏறக்குறையப் படுத்துவிட்டது. இரண்டு வருஷத்தைத் தாண்டியவர்களுக்குப் பிறகு எல்லாம் முன்பைவிட எளிதாகிறது என்று அவர்களே சொன்னதையும் விங் எழுதியிருக்கிறார். பசி அடங்கியதாலா, பழகிவிட்டதாலா என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். காலையில் எழுந்து, தராசில் ஏறி இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பியிருப்பார்கள்.